தம்பிக்கு ஹீமோபிலியா, அப்பாவுக்கு வார்ஃபரின்: வீட்டில் பொதுவாக எந்த மாத்திரையை வைத்துக்கொள்ளலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 16 வயதுத் தம்பிக்கு லேசான ஹீமோபிலியா ஏ. ரத்தம் உறைய உதவும் புரதமான எட்டாம் உறைகாரணி இயல்பான அளவில் 8 சதவீதம்தான் இருக்கிறது. அப்பாவுக்கு இதயத்தில் உலோக வால்வு, அதனால் தினமும் வார்ஃபரின். ஒருவருக்கு ரத்தம் சரியாக உறையாததே நோய். இன்னொருவருக்கு உறைந்துவிடக்கூடாது என்பதற்காகவே மருந்து. இப்படி இருவர் இருக்கும் வீட்டில் காய்ச்சல், தலைவலி, பல்வலி, சளி என்று வந்தால் எந்த மாத்திரை இருவருக்கும் ஆகும், கடையில் வாங்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

சுருக்கமான பதில் இது: வலிக்கும் காய்ச்சலுக்கும் இருவருக்கும் பாராசிட்டமால். அப்பாவுக்கு மட்டும் அளவையும் நாட்களையும் எண்ணித் தர வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபனமிக் அமிலம், கீட்டோரோலாக் ஆகியவற்றில் எதையும் மருத்துவர் எழுதாமல் இருவருக்கும் தர வேண்டாம். ஆனால் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வது மட்டும் போதாது. இருவரும் தங்கள் நோய்க்கென எடுக்கும் மருந்தை விட, வேறெதற்கோ நாலு நாளுக்கு என்று விவரம் சொல்லாமல் வாங்கிச் சேர்க்கும் மருந்துதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

எதிரெதிர் சிக்கல் உள்ள இருவருக்கும் அதே வலி மாத்திரைகள் ஏன் ஆகாதவை என்று கேட்கலாம். காயம்பட்ட இடத்தில் முதலில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு தற்காலிகமாக அடைக்கின்றன. பிறகு உறைகாரணிகள் ஒன்றையொன்று தூண்டி, ஃபைப்ரின் என்ற இழைவலையைப் பின்னி அந்த அடைப்பை உறுதியாக்குகின்றன. தம்பிக்கு எட்டாம் காரணி குறைவு, அதனால் இரண்டாவது கட்டம் பலவீனம். அப்பாவுக்கு வைட்டமின் கே சார்ந்த 2, 7, 9, 10 ஆகிய காரணிகளை வார்ஃபரின் குறைத்து வைத்திருக்கிறது. காரணம் வேறு, ஆனால் அவருக்கும் பலவீனமாக இருப்பது அதே இரண்டாவது கட்டம்தான். ஆக, ரத்தம் கசியும்போது இருவரும் நம்பியிருப்பது முதல் கட்டத்தை, அதாவது தட்டணுக்களை. மேலே சொன்ன வலி மாத்திரைகள் அந்தத் தட்டணுக்களையே செயலிழக்க வைக்கின்றன. இரைப்பையின் பாதுகாப்புச் சவ்வையும் அரிக்கின்றன. புண்ணையும் உண்டாக்கி, அதை அடைக்கும் வழியையும் மூடிவிடுவதால்தான் இந்த மருந்துகளில் இவ்வளவு கண்டிப்பு.

இவற்றில் ஆஸ்பிரின் தனி ரகம். தட்டணுவில் உள்ள நொதியை அது நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புதிய நொதியைத் தயாரிக்க வழியில்லை. ஆகவே புதிய தட்டணுக்கள் வந்து சேரும்வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, ஒரே ஒரு மாத்திரையின் விளைவு நீடிக்கும். ஐபுபுரோஃபெனின் பிடி தற்காலிகமானது; பெரும்பாலும் ஒரு நாளுக்குள் விலகிவிடும். நாப்ராக்சென் அதைவிட நீண்ட நேரம் நிற்கும். தம்பி தவறுதலாக ஆஸ்பிரின் விழுங்கிவிட்டால், அடுத்த 10 நாள் வரை பல் பிடுங்குவது, விளையாட்டு, ஊசி எல்லாவற்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். அவனைப் பார்க்கும் மருத்துவக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அவன் வயதில் வைரஸ் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரும் அபாயமும் உண்டு. இங்கே ஒரு முக்கியமான விலக்கு: உலோக வால்வு வைத்தவர்கள் சிலருக்கு இதய மருத்துவரே வார்ஃபரினோடு குறைந்த அளவு ஆஸ்பிரினையும் எழுதியிருப்பார். அப்பாவுக்கு அப்படி எழுதியிருந்தால், இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆபத்தையும் பலனையும் எடைபோட்டு எடுத்த முடிவு அது. மாற்றுவதானால் அவரே மாற்ற வேண்டும்.

பாராசிட்டமால் தட்டணுக்களை இப்படிப் பாதிப்பதில்லை. தம்பிக்கு ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். 50 கிலோ எடை என்றால் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சரியான அளவு. ஈரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்த வரம்பு குறையும். 1980களின் நடுப்பகுதிக்கு முன் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த உறைகாரணி மருந்துகளால் ஹெபடைடிஸ் சி தொற்றிய மூத்த ஹீமோபிலியா நோயாளிகளிடம் இதைக் கட்டாயம் பார்ப்பார்கள். உங்கள் தம்பியின் வயதுக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

அப்பா விஷயத்தில் பாராசிட்டமாலை முழுக்கத் தீங்கற்றது என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒன்றிரண்டு மாத்திரை என்றால் கவலை வேண்டாம். ஆனால் ஒரு நாளைக்கு 2 கிராம் அல்லது அதற்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு, தொடர்ந்து சில நாட்கள் எடுத்தால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவு ஏறக்கூடும். இது பல ஆய்வுகளில் பார்த்த விஷயம். எல்லோருக்கும் ஒரே அளவில் ஏறுவதில்லை. ஆகவே மூன்று நான்கு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் ஒரு ஐஎன்ஆர் பரிசோதனை செய்துவிடுங்கள். ஏறுகிறதே என்று பயந்து ஐபுபுரோஃபெனுக்கு மாறுவதுதான் உண்மையான தவறு. பாராசிட்டமாலால் வரும் ஏற்றம் பரிசோதனையில் தெரியும், சரிசெய்யலாம். ஐபுபுரோஃபெனால் வயிற்றில் கசியும் ரத்தம் ஐஎன்ஆர் அளவில் தெரியாது. எண் சரியாக இருக்கும்போதே ரத்தம் போய்க்கொண்டிருக்கும்.

நிச்சயம் குறைந்த பகுதிக்கு வருகிறேன். செலிகாக்சிப் போன்ற மாத்திரைகள் தட்டணுக்களைப் பெரிதாகத் தொடுவதில்லை என்பது உறுதி. அதனால்தான் மூட்டு வீங்கிய ஹீமோபிலியா நோயாளிகளுக்குச் சில சமயம் மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். ஆனாலும் வயிற்றுப்புண், சிறுநீரகம், இதயம் தொடர்பான ஆபத்துகள் அதிலும் உண்டு. வார்ஃபரின் எடுப்பவர்களிடம் ஐஎன்ஆர் ஏறி ரத்தம் கசிந்ததும் பதிவாகியிருக்கிறது. எனவே நீங்களாக வாங்கும் மாத்திரையாக அதை எண்ண வேண்டாம். டைக்ளோஃபெனாக் களிம்பு தோல் வழியாக உடலுக்குள் சிறிதளவே போகிறது. ஒரு மூட்டில், சில நாட்கள் பூசுவதால் வரும் ஆபத்து மாத்திரையை விட மிகக் குறைவு என்பதே பொதுவான கணிப்பு. இருந்தாலும் வார்ஃபரினோடு அதை நீண்ட நாள், பெரிய பரப்பில் பூசுவது ஆபத்தில்லை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. வலித்தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் அப்படித்தான். அது ஆஸ்பிரின் குடும்பம். தாராளமாகத் தேய்த்துச் சூடு ஒத்தடமும் கொடுத்தவர்களிடம் ஐஎன்ஆர் ஏறிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. முழங்காலில் ஒரு சொட்டுத் தடவுவதற்கும், முதுகு முழுவதும் தினம் இரண்டு வேளை தேய்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மாத்திரையின் பெயரைப் பார்த்து வாங்குவதால் வரும் சிக்கல் இன்னொன்று. ஒரே அட்டையில் இரண்டு மூன்று மருந்துகள் கலந்து வருகின்றன. பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும், பாராசிட்டமாலும் அசிக்ளோஃபெனாக்கும் சேர்ந்த மாத்திரைகள் பார்ப்பதற்குச் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை போலவே இருக்கும். சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கும். தனியாகவும் ஒன்று போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். தண்ணீரில் கரையும் தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் ஆஸ்பிரின் உண்டு. வயிற்றுக் கோளாறுக்கான பிஸ்மத் சப்சாலிசிலேட்டிலும் சாலிசிலேட் இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைத்தான் படிக்க வேண்டும். சளிக்குச் செடிரிசின், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவை ரத்தம் உறைவதைத் தொடாதவை. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் அப்பாவுக்கு மிக முக்கியமான விஷயம்: நுண்ணுயிர்க்கொல்லிகளும் பூஞ்சைக்கொல்லிகளும். வார்ஃபரினின் வீரியமான பாதியை ஈரலில் சிதைப்பது சிஒய்பி 2சி9 என்ற நொதி. மெட்ரோனிடசோல், கோட்ரிமாக்சசோல், ஃபுளுகோனசோல் ஆகிய மூன்றும் அந்த வேலையைத் தடுக்கின்றன. அதே வார்ஃபரின் அளவு, ஆனால் உடலில் தேங்கும் மருந்து கூடிக்கொண்டே போகும். ஏற்றம் உடனே தெரியாது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் காரணிகள் தீர வேண்டும். ஏழாம் காரணி சில மணி நேரத்தில் பாதியாகும், இரண்டாம் காரணிக்கோ இரண்டரை நாள் வரை ஆகும். அதனால்தான் முதல் இரண்டு நாள் எதுவும் நடக்காததுபோல் தெரிந்து, ஐந்தாம் நாள், ஏழாம் நாளில் ஈறிலிருந்தோ சிறுநீரிலோ ரத்தம் வருகிறது. இந்த மூன்றில் ஒன்றை எழுதினால், சிலர் வார்ஃபரினை முன்கூட்டியே குறைப்பார்கள், சிலர் நெருக்கமாக ஐஎன்ஆர் பார்ப்பார்கள். எந்த வழியானாலும் தொடங்கிய 3 முதல் 5 நாளுக்குள் ஒரு பரிசோதனையும், அந்த மருந்தை முடித்த ஒரு வாரத்துக்குள் மறுபடி ஒன்றும் தேவை. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். அமாக்சிசிலினின் விளைவு பொதுவாகக் குறைவு. ஆனால் எந்தத் தொற்றிலும் காய்ச்சல் உறைகாரணிகளை வேகமாகச் செலவழிக்கும், சாப்பாடு குறையும், வயிற்றுப்போக்கு வந்தால் வைட்டமின் கே சேர்வதும் குறையும். மருந்தே எடுக்காமல் காய்ச்சலில் படுத்தாலும் ஐஎன்ஆர் ஏறுவது இதனால்தான். நுண்ணுயிர்க்கொல்லியால் ஏறியதா, நோயால் ஏறியதா என்று பிரித்துச் சொல்வது பல சமயம் முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை, பரிசோதித்தால் போதும்.

பூஞ்சையால் வரும் வாய்ப்புண்ணுக்குப் பூசும் மைக்கோனசோல் ஜெல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூசுகிற மருந்துதானே என்று எல்லோரும் விட்டுவிடுவது இது. வாயில் வைத்தால் விழுங்கப்படுகிறது, உறிஞ்சப்படுகிறது, அதே நொதியைத் தடுக்கிறது. வார்ஃபரின் எடுப்பவர்கள் இந்த வாய் ஜெல்லைச் சீட்டில்லாமல் வாங்கிப் பயன்படுத்தக்கூடாது என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அறிவித்தது. அதே பூஞ்சைக்கான நிஸ்டாட்டின் சொட்டு இருக்கும்போது அப்பாவுக்கு இந்த ஜெல் தேவையே இல்லை.

எதிர்த்திசையில் இழுக்கும் மருந்துகளும் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன் இரண்டும் அந்த நொதியின் வேலையை முடுக்கிவிடும். ஐஎன்ஆர் இறங்கும், வால்வில் கட்டி உறையும் ஆபத்து வரும். ரிஃபாம்பிசின் எடுக்கும்போது வார்ஃபரினை இரண்டு மூன்று மடங்காக உயர்த்த வேண்டியிருக்கலாம். இதில் அதிகம் தவறுவது நிறுத்தும் சமயத்தில். ரிஃபாம்பிசின் நின்ற பிறகு சில வாரங்களில் முடுக்கம் தணிந்துவிடும். உயர்த்திய வார்ஃபரின் அளவு அப்படியே நின்றால் அதுவே மிகையாகிவிடும். புதிய மருந்தைச் சேர்ப்பதைச் சொல்லும் பலர், பழைய மருந்தை நிறுத்தியதைச் சொல்வதில்லை. அப்பா விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே எடை.

கீரை சாப்பிடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். சாப்பிடலாம். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், அதற்கேற்ப வார்ஃபரின் அளவை அமைத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் அறவே நிறுத்திவிட்டு அடுத்த மாதம் தினமும் சாப்பிடுவதுதான் கெடுக்கும். சமையலில் சேரும் பூண்டு, மஞ்சள், இஞ்சியால் ஐஎன்ஆர் குலைகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அவற்றின் செறிவூட்டிய சத்து மாத்திரைகள், ஜின்கோ, அதிக அளவு மீன் எண்ணெய் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகள் முன்னுக்குப்பின் முரணானவை. பலன் தெளிவில்லாத ஒன்றுக்காக இந்த இருவரும் ஆபத்தைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வார்ஃபரினைப் பலவீனமாக்கும்.

வார்ஃபரின் மாத்திரையிலேயே நடக்கும் பிழைகளும் உண்டு. 1, 2, 3, 5 மில்லிகிராம் எனப் பல வீரியங்களில் வருகிறது. "தினம் ஒன்று", "ஒன்றரை" என்று மாத்திரைக் கணக்கில் பேசினால், கடையில் வேறு வீரியம் கிடைத்த அன்று அளவு மாறிவிடும். எப்போதும் மில்லிகிராமில் சொல்லுங்கள், எழுதுங்கள். 2.5 என்று எழுதியதில் புள்ளி மங்கினால் 25 ஆகும், 5.0 என்று தேவையில்லாமல் பூஜ்யம் போட்டால் 50 ஆகத் தெரியும். நிறத்தை நம்புவதும் ஆபத்து. அமெரிக்காவில் இளஞ்சிவப்பு வார்ஃபரின் 1 மில்லிகிராம். பிரிட்டனில் அதே இளஞ்சிவப்பு 5 மில்லிகிராம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த மாத்திரை ஐந்து மடங்கு மாறிப்போக இது ஒன்றே போதும். அசினோகுமரால் என்பது அதே குடும்பத்து வேறு மருந்து. அளவும் வேறு, உடலில் நிற்கும் நேரமும் வேறு; ஒன்று இல்லையென்றால் மற்றதை அதே எண்ணிக்கையில் தருவது தவறு. ஒரு வேளை மறந்துபோய் அன்றைக்கே நினைவு வந்தால் எடுக்கலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிட்டு, அன்றைய அளவை மட்டும் எடுத்து, குறித்துவைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. வாய்வழி எடுக்கும் புதிய உறைவுத்தடுப்பு மாத்திரைகளுக்கு மாறினால் பரிசோதனையே வேண்டாமே என்று யாராவது சொல்வார்கள். உலோக வால்வுக்கு அவை பொருந்தாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை அப்படிச் சோதித்த ஆய்வை, கட்டி உறைதலும் ரத்தப்போக்கும் இரண்டுமே கூடியதால் இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று.

தம்பிக்கு வருவோம். 5 முதல் 40 சதவீதம் வரை காரணி இருப்பவர்களை லேசான வகை என்கிறோம். தானாக ரத்தம் கசிவது அரிது, பல் பிடுங்கும்போதோ அறுவை சிகிச்சையிலோதான் வெளிப்படும். இந்த வகையினர்தான் தங்களுக்கு நோய் இருப்பதையே கடையில் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அவனுக்கு டெஸ்மோபிரசின் பலன் தரக்கூடும். ரத்தநாளச் சுவரில் சேமித்திருக்கும் காரணியை அது விடுவித்து, இருக்கும் அளவைப் பெரும்பாலும் 2 முதல் 4 மடங்கு ஆக்கும். 8 சதவீதம் 16 ஆகலாம், 32 ஆகலாம். எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே ஒருமுறை கொடுத்து அளந்துவைத்திருக்க வேண்டும். ஒன்பதாம் காரணி குறையும் ஹீமோபிலியா பி என்றால் இது உதவாது. மருந்தகத்தில் இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ரத்தப்போக்குக்கான மூக்குத் தெளிப்பான் ஒரு அழுத்தத்துக்கு 150 மைக்ரோகிராம் தரும். சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும் டயாபடிஸ் இன்சிபிடஸ் நோய்க்குத் தருவது ஒரு அழுத்தத்துக்கு 10 மைக்ரோகிராம். மருந்தின் பெயர் ஒன்று, வீரியத்தில் 15 மடங்கு வித்தியாசம். மாற்றிக் கொடுத்தால் தம்பிக்கு ரத்தம் நிற்காது. அந்த நோயுள்ள குழந்தைக்கோ ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வரலாம். சரியான வீரியத்திலும், எடுத்த அடுத்த 24 மணி நேரம் தம்பி தாகத்துக்கு மட்டும் தண்ணீர் குடிக்க வேண்டும். தலைவலி, வாந்தி, குழப்பம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொடர்ந்து சில நாள் எடுத்தால் சேமிப்பு தீர்ந்து பலன் குறைந்துவிடும்.

பெரிய காயத்துக்கு உறைகாரணியே வேண்டும். கணக்கு எளிது: ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் எட்டாம் காரணி கொடுத்தால் ரத்தத்தில் அளவு ஏறக்குறைய 2 சதவீதம் உயரும். 50 கிலோ தம்பிக்கு 40 சதவீதம் உயர்த்த 50ஐ 40ஆல் பெருக்கி, அதில் பாதி, 1000 யூனிட். ஒன்பதாம் காரணிக்கு இந்தப் பாதியாக்கும் கணக்கு பொருந்தாது. ஒரு யூனிட்டுக்கு ஒரு சதவீதம்தான் உயரும். இரண்டையும் குழப்பினால் பாதி அளவுதான் போய்ச்சேரும். "யூனிட்" என்பதை முழுச் சொல்லாக எழுதச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் யு என்று ஒற்றை எழுத்தாக எழுதினால் அது பூஜ்யமாகத் தெரிந்து அளவு பத்து மடங்காகிவிடும். மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவிடக்கூடாது. கரைக்கும்போது குலுக்கக்கூடாது, குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும், மெதுவாகச் சுழற்றினால் போதும். அறை வெப்பத்தில் எத்தனை மாதம் தாங்கும் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். வெளியே எடுத்த தேதியைப் பெட்டியில் எழுதிவிடுங்கள். மறுபடி குளிர்பெட்டியில் வைத்து நாளை நீட்டிக்க முடியாது.

உங்கள் வீட்டில் நான் முதலில் பிரித்துவைக்கச் சொல்வது டிரானெக்சாமிக் அமிலத்தை. உறைந்த கட்டி கரையாமல் அது காக்கிறது. வாய், மூக்கு ரத்தத்துக்குத் தம்பிக்கு அருமையான மருந்து. பொதுவாக ஒரு கிலோவுக்கு 15 முதல் 25 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. ஆனால் அவனுக்கே சிறுநீரில் ரத்தம் வந்தால் தரக்கூடாது. சிறுநீர்க்குழாயில் கட்டி அடைத்துக்கொள்ளும். அப்பாவுக்கு மூக்கில் ரத்தம் வருகிறது, தம்பியின் மாத்திரை கைவசம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். உலோக வால்வு உள்ளவருக்கு அது கட்டியை வளர்க்கலாம். அதேபோல வார்ஃபரின் அட்டை தம்பியின் பெட்டியில் தவறியும் இருக்கக்கூடாது. இருவருக்கும் தனித்தனிப் பெட்டி, தனித்தனி அலமாரி. பாராசிட்டமால் மட்டும் பொதுவில் இருக்கட்டும்.

பல்வலியை எடுத்துக்கொண்டால் இதுவரை சொன்ன எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். வலிக்கு ஐபுபுரோஃபெனோ கீட்டோரோலாக்கோ, தொற்றுக்கு மெட்ரோனிடசோல், பிறகு வாய்ப்புண்ணுக்கு ஜெல் என்று ஒரே சீட்டில் அப்பாவுக்கு ஆகாத எல்லாம் சேர்ந்துவிடும். பல் மருத்துவரிடம் வார்ஃபரின் என்பதையும் கடைசி ஐஎன்ஆர் எண்ணையும் முதலில் சொல்லுங்கள். எண் 4க்குக் கீழே இருந்தால் சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்க வார்ஃபரினை நிறுத்துவதில்லை. அழுத்திப் பஞ்சு வைத்து, தையல் போட்டு, தேவையென்றால் டிரானெக்சாமிக் அமிலக் கரைசலால் வாயை நிறைத்துக் கொப்பளித்துத் துப்பினால் நின்றுவிடும். மாத்திரையாக விழுங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. கொப்பளிப்பதில் ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. வீட்டிலேயே முடிவு செய்து மூன்று நாள் வார்ஃபரினை நிறுத்திவிட்டு வருவது எனக்குப் பெரிய பயம். பல்லில் கசியும் ரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம். வால்வில் உறைந்த கட்டி மூளைக்குப் போனால் திருப்ப முடியாது. தம்பிக்கோ முன்னேற்பாடு இல்லாமல் பல்லைப் பிடுங்கவே கூடாது, மரத்துப்போகும் ஊசி உட்பட. கீழ்த்தாடை நரம்புக்குப் போடும் ஊசி தொண்டையை ஒட்டி ரத்தம் கட்டி மூச்சை அடைக்கலாம்.

தசையில் போடும் ஊசி எதுவும் தம்பிக்கு வேண்டாம், வலி ஊசியும் சேர்த்து. தடுப்பூசியைத் தவிர்க்கக்கூடாது, தோலுக்கடியில் போட அனுமதிக்கும் தடுப்பூசியானால் அப்படி, இல்லையென்றால் மெல்லிய ஊசியால் தசையில் போட்டு, தேய்க்காமல் குறைந்தது 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு முன் உறைகாரணி தேவையா என்று அவன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஐஎன்ஆர் நிலையாக இருந்தால் மெல்லிய ஊசியும் சில நிமிட அழுத்தமும் போதும்.

இன்னொன்று, அக்காவான உங்களைப் பற்றி. தம்பிக்கு ஹீமோபிலியா என்றால் அம்மாவும், அவர் வழியாக நீங்களும் அந்த மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். அம்மா சுமப்பவர் என்றால் உங்களுக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் மரபணு மாற்றம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. சுமக்கும் பெண்களில் சிலருக்குக் காரணி அளவே 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமென்றால் அது உடல்வாகு என்று விட்டுவிடாமல் எட்டாம் காரணியை அளந்து பாருங்கள். மாதவிடாய் வலிக்குச் சாதாரணமாகத் தரும் மெஃபனமிக் அமிலமும் மேலே சொன்ன பட்டியலில் இருப்பதுதான். அளந்து தெரியும்வரை அதை ஒதுக்கிவையுங்கள்.

கடையில் என்ன சொல்வது? "அப்பாவுக்கு உலோக வால்வு, வார்ஃபரின் தினம் இத்தனை மில்லிகிராம், கடைசி ஐஎன்ஆர் இவ்வளவு, இந்தத் தேதியில் பார்த்தது." "தம்பிக்கு ஹீமோபிலியா ஏ, எட்டாம் காரணி 8 சதவீதம், எடை 50 கிலோ." இந்த இரண்டு வாக்கியமும் எழுதிய அட்டை அவரவர் சட்டைப்பையில் இருக்கட்டும். "ரத்தம் சம்பந்தப்பட்ட பிரச்சினை", "ரத்தம் நீர்க்கும் மாத்திரை" என்று சொன்னால் போதாது. ஆஸ்பிரினையும் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பல்லுக்கோ, தோலுக்கோ, காய்ச்சலுக்கோ எந்தச் சீட்டு வந்தாலும், மருந்தாளுநரிடம் பழைய மருந்துகளின் முழுப் பட்டியலையும் காட்டி, "இது வார்ஃபரினோடு மோதுமா?" என்று நேராகக் கேளுங்கள். பரபரப்பான நேரத்தில் பதில் "பரவாயில்லை" என்று மட்டும் வந்தால், பெயரைச் சரிபார்த்துச் சொல்லும்படி மறுபடி கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இவ்வளவு எழுதினாலும், அப்பாவின் வார்ஃபரின் அளவை எவ்வளவு குறைப்பது, தம்பிக்கு எந்தக் காயத்துக்கு எத்தனை யூனிட் என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. அதற்கு அவர்களின் பரிசோதனை முடிவுகளும், ஈரல், சிறுநீரக நிலையும் தெரிந்த மருத்துவர் வேண்டும். எழுதியதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டிய நேரங்களும் உண்டு. தலையில் அடி, அதன்பின் ஒன்றும் தெரியாவிட்டாலும் சரி. இதுவரை இல்லாத கடும் தலைவலி, பேச்சுக் குளறல், ஒரு கை கால் பலவீனம். கருந்தாரில் குழைத்ததுபோல மலம், ரத்த வாந்தி. கழுத்து, தொண்டை வீக்கம். தம்பிக்குக் கால் நீட்ட முடியாதபடி இடுப்பிலும் அடிவயிற்றிலும் வலி, ஏனெனில் இடுப்புத் தசைக்குள் கசியும் ரத்தம் வெளியே தெரியாது. 15 நிமிடம் மூக்கின் மென்பகுதியை அழுத்தி, முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தும் நிற்காத ரத்தமும் இதில் சேரும். தம்பிக்குத் தலையில் அடிபட்டிருந்தால், மருத்துவமனையில் முதலில் உறைகாரணியைச் செலுத்திவிட்டுப் பிறகுதான் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். அவசரப் பிரிவில் எல்லோருக்கும் இந்த வரிசை தெரிந்திருக்கும் என்று எண்ணாமல் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் அவனுடைய மருந்து இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.